பாறை காய்ந்த பிறகு

அரிட்டாபட்டிக்குக் கழுகு பார்க்க வருகிறவர்களில் பலர் விடிவதற்கு முன்பே வந்துவிடுகிறார்கள். பறவை பார்ப்பதென்றால் அதிகாலையில் எழ வேண்டும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். ஆறு மணிக்குக் குன்றின் அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் வானம் காலியாகக் கிடக்கும். கழுகு எங்கும் போய்விடவில்லை. எதிரே பாறை முகட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதன் முதுகும் பாறையும் ஏறத்தாழ ஒரே நிறம், அதனால் கண்ணுக்குப் படவில்லை. எழுந்து பறப்பதற்கு அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இதை எனக்குச் சொல்லித் தந்தவர் அங்கே ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். நான் வானத்தைத் துழாவிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னும் கல்லு காயல தம்பி. காஞ்சாத்தான் அது எந்திரிக்கும்." அதன் பிறகு இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்த ஆய்வுக் கட்டுரைகளெல்லாம் இந்த இரண்டு வரிக்கு எழுதிய உரைகள் என்றே தோன்றுகிறது.

பறவை பார்க்கப் பழகுகிறவர்களுக்கு இறகின் நிறம், அலகின் வளைவு, வாலின் நீளம் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். காற்றைப் பார்க்க யாரும் சொல்லித் தருவதில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே குன்றில், ஒரே தடத்தில், வருஷம் முழுக்க நடந்தால் ஒன்று புரிகிறது. எந்தப் பறவை எந்த நேரத்தில் கண்ணில் படும் என்பதை இரையைப் போலவே காற்றும் தீர்மானிக்கிறது. காற்றோ தரையின் சூட்டைப் பொறுத்தது.

மதுரையிலிருந்து மேலூர் போகும் வழியில் உள்ளே திரும்பினால் வரும் கருங்கல் குன்றுகள் அரிட்டாபட்டியுடையவை. ஏழு குன்றுகள், அவற்றைச் சுற்றிச் சுனைகள், கண்மாய்கள். ஒரு குன்றில் சமணர் படுக்கையும் தமிழி எழுத்தும் உண்டு. பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் உண்டு. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களைச் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலம் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து இந்தப் பகுதியே டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் சிக்கி, ஊர்க்காரர்கள் மதுரை வரை நடந்து போராடி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்த கதை எல்லாருக்கும் தெரியும். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே பதிவாகியிருக்கின்றன. அறிவிப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டவை மூன்று வேட்டைப் பறவைகள்: ராசாளிக் கழுகு, ஷாஹீன் வல்லூறு, லகுடு வல்லூறு.

அங்கே ஒரு நாள் தொடங்கும்போது முதலில் இருட்டு. சூரியன் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே குண்டுக்கரிச்சான் பாட ஆரம்பித்துவிடும். கருப்பு வெள்ளைச் சட்டை போட்ட இந்தச் சின்னப் பறவைக்கு மார்ச்சிலிருந்து ஜூன் வரை குரல் அடங்காது. இரவு முழுக்கத் தரை தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டதால், விடியலில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். அதற்கு மேலே உள்ள அடுக்கு கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். ஒலி குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் சூடான காற்றில் வேகமாகவும் செல்கிறது. இதனால் மேல்நோக்கிப் போகும் ஒலியலைகள் வளைந்து திரும்பவும் தரைப் பக்கமே வருகின்றன. பகலில் இது தலைகீழாகி, ஒலி மேலே வளைந்து வீணாகிறது. போதாததற்குச் சூடான காற்றின் கொந்தளிப்பும் சேர்ந்து பாட்டின் நுணுக்கங்களைச் சிதைத்துவிடும். தன் எல்லையையும் தன் உடல் வலுவையும் பக்கத்துத் தோப்புக்காரனுக்கு அறிவிக்க விரும்பும் ஆண் பறவைக்கு விடியல் காற்றைவிட நல்ல ஊடகம் கிடையாது.

காற்று மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. அந்த மங்கலான வெளிச்சத்தில் பூச்சி தேட முடியாது. சும்மா இருக்கும் நேரத்தில் பாடி வைக்கலாம் என்பதும் ஒரு காரணம். உடல் அளவோடு ஒப்பிடும்போது கண் பெரிதாக உள்ள பறவைகள் மற்றவற்றுக்கு முன்பே பாடத் தொடங்குகின்றன என்று ஐரோப்பியப் பறவைகளை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. வெளிச்சம் கூடக் கூட ஒவ்வொரு குரலாகச் சேரும். கவுதாரி கத்தும், கொண்டைக்குருவி சேரும், செம்போத்து அடித்தொண்டையில் உறுமும். பாறைச் சந்தில் வாலைத் தூக்கிக்கொண்டு கருஞ்சிட்டு குதிக்கும். மயில்கள் ஏற்கெனவே ஊரையே எழுப்பியிருக்கும். 

ஏழு மணி தாண்டியதும் பஞ்சுருட்டான்கள் வேலையைத் தொடங்கும். அதுவரை மின்கம்பியில் வரிசையாக, ஒன்றோடொன்று ஒட்டி, வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். பூச்சிகள் தம் உடல் சூட்டைப் பெரும்பாலும் சூழலிலிருந்து பெறுகிறவை. பறக்கும் தசைகள் சூடாகாமல் தேனீயோ தும்பியோ எழும்பாது. தேனீ எழும்பாமல் பஞ்சுருட்டானுக்கு வேலை இல்லை. தேனீயைப் பிடித்த பிறகு அதைக் கம்பியில் அடித்து, வயிற்று நுனியைத் தேய்த்து, விஷத்தைக் கக்க வைத்துவிட்டுத்தான் விழுங்கும். இதைப் பார்ப்பதற்கு மலை ஏறவே வேண்டாம். எந்தக் கண்மாய்க் கரையிலும், பள்ளிக்கூட வாசல் கம்பியிலும் நடக்கும்.

ஒன்பது மணி வாக்கில் பாறையில் கை வைத்துப் பார்த்தால் வெதுவெதுப்பு தெரியும். வயலும் கண்மாயும் இன்னும் குளிர்ந்தே இருக்கும். நீர் நிறைந்த பரப்பைச் சூடாக்க நிறைய வெப்பம் வேண்டும். அதோடு வெயிலின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஈரமில்லாத கரும்பாறைக்கு இந்தத் தொல்லை இல்லை. விழுந்த வெயில் நேராகச் சூடாகி, அந்தச் சூடு பாறையை ஒட்டிய காற்றுக்குப் போகிறது. சூடான காற்று விரிந்து, அடர்த்தி குறைந்து, உலைநீரின் அடியிலிருந்து குமிழி எழுவது போலப் பாறையை விட்டுக் கழன்று மேலே போகிறது. தொடர்ந்து எழும்போது அது ஒரு தூணாகிவிடும். எஞ்சின் இல்லாமல் மிதக்கும் கிளைடர்களை ஓட்டுகிறவர்கள் இதைத்தான் தெர்மல் என்கிறார்கள். நல்ல வெயிலில் இந்தத் தூணுக்குள் காற்று நொடிக்கு இரண்டு மூன்று மீட்டர் வேகத்தில் மேலேறும்.

முதலில் எழுவது கரும்பருந்து. சிறகுப் பரப்போடு ஒப்பிட்டால் அதற்கு எடை குறைவு; அதனால் மெல்லிய ஏற்றத்திலும் தாக்குப்பிடிக்கும், சிறிய வட்டமாகவும் திரும்ப முடியும். தெர்மல் ஆரம்பத்தில் ஒடுக்கமாக இருக்கும். பெரிய வட்டம் போடுகிற பறவை அதற்கு வெளியே போய்விடும். எனவே சுமார் இரண்டு கிலோ எடையுள்ள ராசாளிக் கழுகு காத்திருக்கிறது. பருந்துகள் சிறகடிக்காமல் ஏற ஆரம்பித்து ஒரு கால் மணி நேரம் கழித்து அது முகட்டை விட்டு இறங்கும். ஆம், இறங்கும். முதலில் விளிம்பிலிருந்து சரிந்து, கனமாக நான்கைந்து தடவை சிறகடித்து, பாறையின் வெயில் முகத்தை ஒட்டிச் செல்லும்போது ஓரிடத்தில் சட்டென்று ஒரு சிறகு உயரும். அந்தப் பக்கமாகத் திரும்பி வட்டம் போடத் தொடங்கினால், பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கும் முன் அது தீப்பெட்டி அளவுக்குச் சிறுத்திருக்கும்.

அந்தச் சிறகு உயர்வதில்தான் சங்கதி இருக்கிறது. தெர்மல் கண்ணுக்குத் தெரியாது. பறவை அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? கௌதம் ரெட்டி, மாசிமோ வெர்கசோலா, டெரன்ஸ் செஜ்னோவ்ஸ்கி ஆகியோர் இருந்த ஒரு குழு இந்தக் கேள்வியை ஒரு எந்திரத்திடம் விட்டது. இரண்டு மீட்டர் இறக்கை அகலமுள்ள ஆளில்லாக் கிளைடர் ஒன்றைக் கலிபோர்னியாவில் பறக்கவிட்டு, தெர்மலில் ஏறும் வித்தையைத் தானாகவே தவறிக் கற்றுக்கொள்ளும்படி அதன் கணினியை அமைத்தார்கள். 2018இல் நேச்சர் இதழில் முடிவு வந்தது. கிளைடர் கற்றுக்கொண்டபோது அதற்குக் கைகொடுத்த தடயங்கள் இரண்டு. ஏறும் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பது ஒன்று. இடது இறக்கைக்கும் வலது இறக்கைக்கும் காற்று தரும் உந்துதலில் உள்ள வேறுபாடு மற்றொன்று. எந்தப் பக்கம் இறக்கை தூக்கப்படுகிறதோ அந்தப் பக்கம் தூணின் நடுப்பகுதி இருக்கிறது. கழுகின் சிறகு உயர்ந்ததும் அது அந்தப் பக்கம் திரும்பியது இதனால்தான் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் பறவையின் நரம்புக்குள் நடப்பதை அளப்பது கிளைடரை அளப்பதுபோல் எளிதல்ல.

இன்னொரு வழி, அடுத்தவனைப் பார்ப்பது. ஒரு பருந்து வட்டமிட்டால் அங்கே தெர்மல் இருக்கிறது என்று ஒரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பருந்துக்கும் தெரிந்துவிடும். செங்கால் நாரைக் குஞ்சுகள் மீது கருவி பொருத்தி ஜெர்மனியில் செய்த ஆய்வு ஒன்றில், கூட்டத்தை முன்னின்று நடத்திய நாரைகள் தெர்மல்களைத் தாமே தேடிக் கண்டுபிடித்தன. பின்தொடர்ந்தவை அவற்றின் தடத்தைப் பார்த்து ஏறின. ஆனாலும் தெர்மலை விட்டு முன்கூட்டியே விலக நேர்ந்ததால் அதிகம் சிறகடிக்க வேண்டியிருந்தது. முன்னோடிகள் ஆப்பிரிக்கா வரை போயின. அதிகம் சிறகடித்தவை ஐரோப்பாவைக்கூடத் தாண்டவில்லை.

சிறகடிப்பது அவ்வளவு செலவான வேலை. சிறகை விரித்து மிதந்து செல்லும் கடற்காகம், உட்கார்ந்திருப்பதைப் போல இரு மடங்கு சக்தியையே செலவிடுகிறது; சிறகடித்தால் அது பல மடங்காகிறது. உடல் பெரிதாகப் பெரிதாக நிலைமை மோசம். எடை கூடும் அளவுக்குத் தசையால் தரக்கூடிய திறன் கூடுவதில்லை. பறக்கும் பறவைகளில் மிகவும் கனத்தவற்றில் ஒன்றான ஆண்டிய காண்டரைப் பற்றி 2020இல் வந்த ஆய்வில் அது பறக்கும் நேரத்தில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டுமே சிறகடிக்கிறது என்று தெரிந்தது. அதிலும் பெரும்பகுதி தரையிலிருந்து எழும்பும்போது. ஒரு காண்டர் ஒரு தடவைகூடச் சிறகடிக்காமல் ஐந்து மணி நேரத்துக்கு மேல், 172 கிலோமீட்டர் பறந்திருக்கிறது. நம் ராசாளிக் கழுகு அந்த அளவுக்குக் கனம் இல்லை. ஆனால் கணக்கு ஒன்றுதான். பாறை காயும்வரை முகட்டில் உட்கார்ந்திருப்பதைச் சோம்பல் என்று சொல்ல முடியாது.

பைனாகுலரில் கழுகின் சிறகு நுனியைக் கவனியுங்கள். இறகுகள் கைவிரல் விரித்தது போலத் தனித்தனியாக, மேல்நோக்கி வளைந்து நிற்கும். சிறகுக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் காற்று கீழிருந்து மேலே சுழன்று வழிந்து பறவையைப் பின்னுக்கு இழுக்கும். நுனியைப் பல இறகுகளாகப் பிரித்தால் அந்தச் சுழலும் பிரிந்து இழுவை குறைகிறது. பாறைக் காற்றில் சிறு வட்டம் போட வேண்டிய பறவைக்குக் குட்டையான, அகன்ற சிறகு வேண்டும். அந்தக் குட்டைச் சிறகின் குறையைப் பிரிந்த நுனி ஈடுகட்டுகிறது.

ஷாஹீன் வல்லூற்றின் சிறகில் இந்த விரல்கள் கிடையாது. அரிவாள் போலக் குறுகி, கூர்ந்த நுனி. அதனால் அது பாறை காய்வதற்குக் காத்திருப்பதும் இல்லை. ஆறு மணிக்கு வந்து வெறும் வானத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள், தலையைக் கொஞ்சம் தாழ்த்திக் குன்றின் செங்குத்து முகத்தைப் பார்த்தால் ஒருவேளை இதைக் காணலாம். உலகெங்கும் பரவியுள்ள பொரி வல்லூற்றின் இந்தியத் துணைக்கண்டத்து வடிவம் இது, இலங்கையிலும் உண்டு. முதுகு கருநீலம், வயிறு செம்மை. விடியலிலும் அந்தியிலும் வேட்டையாடும். பாறைப் புறாவும் கிளியும் வௌவாலும் இரை.

ஒரு தை மாதக் காலையில் நான் குன்றின் பாதி உயரத்தில் இருந்தேன். கீழே கண்மாயின் மேல் ஒரு புறாக் கூட்டம் திரும்பியது. எனக்குப் பின்னாலிருந்து துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் தலைக்கு மேல் கடந்தது. பறவையைப் பார்த்தபோது அது கூட்டத்துக்கு மேலே, சிறகை உடலோடு ஒட்டிச் சரிந்துகொண்டிருந்தது. புறாக்கள் சிதறின. ஒன்று மட்டும் சிதறவில்லை, அது வல்லூற்றின் காலில் இருந்தது. பொரி வல்லூறு செங்குத்தாகப் பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் என்று புத்தகத்தில் படித்திருக்கலாம். அன்று நடந்தது அவ்வளவு உயரத்துப் பாய்ச்சல் இல்லை. ஆனாலும் கண் அதைத் தொடர முடியவில்லை.

அந்தப் பாய்ச்சலின் பாதை நேர்க்கோடாக இருப்பதில்லை. வல்லூற்றின் ஒவ்வொரு கண்ணிலும் கூர்மையாகப் பார்க்கும் குழி இரண்டு உண்டு. அவற்றில் ஆழமானது, அதாவது தூரத்து இரையைத் துல்லியமாகக் காட்டுவது, நேர் முன்னே பார்ப்பதில்லை; பக்கவாட்டில் ஏறத்தாழ 45 டிகிரி கோணத்தில் பார்க்கிறது. அந்த வேகத்தில் தலையைத் திருப்பினால் காற்று இழுத்து வேகத்தைக் கெடுக்கும். திருப்பாமல் இருந்தால் இரை மங்கும். டியூக் பல்கலைக்கழகத்தின் வான்ஸ் டக்கர் 2000இல் இந்த முடிச்சை அவிழ்த்தார். வல்லூறு தலையை நேராக வைத்துக்கொண்டு, இரையை எப்போதும் ஒரே பக்கக் கோணத்தில் நிறுத்தி, சுருள் பாதையில் அணுகுகிறது. தூரம் கொஞ்சம் அதிகம், ஆனால் வேகம் குறையாததால் முன்னதாகவே போய்ச் சேருகிறது. 2017இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் வல்லூறுகளின் மீது சிறு கேமராவும் ஜிபிஎஸ்ஸும் கட்டிப் பார்த்தபோது, கடைசிக் கட்டத் தாக்குதலில் அவை ஏவுகணைகள் பின்பற்றும் அதே விதியில் திரும்புவது தெரிந்தது. பார்வைக்கோடு எந்த வேகத்தில் சுழல்கிறதோ அதற்கேற்ற விகிதத்தில் தன் திசையையும் மாற்றிக்கொண்டே போவது அந்த விதி. ஏவுகணை செய்தவர்கள் வல்லூற்றைப் பார்த்துச் செய்யவில்லை. ஓடும் இலக்கைத் தொட நல்ல வழிகள் அதிகம் இல்லை, அவ்வளவே.

பதினொரு மணிக்கு மேல் நமக்கு வேலை இல்லை. சித்திரை வைகாசியில் பாறை மேல் நிற்க முடியாது. பறவைகளுக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, உடல் வெப்பமோ சுமார் 41 டிகிரி. புதரின் நிழலில் தவிட்டுக்குருவிகள் அலகைப் பிளந்துகொண்டு இரைக்கும். வாயின் ஈரம் ஆவியாகித்தான் உடல் குளிர வேண்டும். கழுகு மட்டும் இதற்கு மேலே இருக்கிறது. ஏறும் வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 10 டிகிரி குளிரும். கீழே 38 டிகிரி என்றால் மேலே 28. அந்த நேரத்தில் உழவாரன்களும் உயரத்தில்தான் இருக்கும். பாறையிலிருந்து கிளம்பும் காற்று சின்னப் பூச்சிகளையும் வாரிக்கொண்டு போகிறது, அவற்றுக்கு அங்கேயே சாப்பாடு.

ஆடி மாதம் கணக்கே வேறு. மேற்கிலிருந்து வீசும் காற்று தெர்மல்களைச் சிதறடித்துவிடும். ஆனால் அதே காற்று குன்றின் மேற்கு முகத்தில் மோதி வேறு வழியில்லாமல் மேலே திரும்புகிறது. இந்த ஏற்றத்துக்கு வெயில் தேவையில்லை. எனவே ஆடியில் கழுகு ஏழு மணிக்கே வானத்தில் இருக்கும். வட்டம் போடாது. முகட்டை ஒட்டி முன்னும் பின்னும் போய்வரும். சில சமயம் ஓரிடத்தில் ஆணி அடித்தது போல நிற்கும், வாலின் நுனி மட்டும் அசையும். வருஷத்தில் அதை மிகக் கிட்டத்தில் பார்க்கக்கூடிய நாட்கள் இவைதான். தொப்பியைத் தாடையோடு கட்டிக்கொண்டு போக வேண்டும்.

ஐப்பசி மழையில் தெர்மலும் இல்லை, குன்றில் மோதி ஏறும் காற்றும் இல்லை. பருந்துகள் செல்போன் கோபுரத்தில் நனைந்து தொங்கும்.

பாறை எல்லாருக்கும் வேண்டும் என்பதும் இல்லை. பொழுது சாய்ந்து, தெர்மல் அடங்கி, காற்று படிந்த பிறகுதான் பயணம் கிளம்பும் பறவைகள் உண்டு. சிறகடித்தே பறப்பவற்றுக்குக் கொந்தளிக்கும் சூடான காற்று இடைஞ்சல். குளிர்ந்த காற்று அடர்த்தியானது, சிறகுக்குப் பிடி கொடுக்கும், உடலும் சூடாகாது. திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு மங்கோலியா, திபெத் பகுதிகளிலிருந்து வரும் வரித்தலை வாத்துகளுக்குக் கருவி கட்டிப் பார்த்திருக்கிறார்கள். இமயமலைச் சரிவில் பகலில் மேல்நோக்கிக் காற்று வீசும். அந்த உதவியை வாத்துகள் பயன்படுத்திக்கொள்ளும் என்றுதான் முன்பு நினைத்தார்கள். லூசி ஹாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி அவை அதை வேண்டாம் என்று விட்டுவிட்டு, காற்று அடங்கிய இரவிலும் விடியலிலும் ஏறுகின்றன. நேராக உயரத்துக்குப் போய் அங்கேயே பறப்பதும் இல்லை. நிலம் தாழ்கிற இடத்தில் தாமும் தாழ்ந்து, அடர்ந்த காற்றைத் தொட்டுவிட்டு, மறுபடி ஏறுகின்றன. ஏறுவதில் செலவாகும் சக்தியைவிட, அடர்ந்த காற்றில் மிச்சமாவது அதிகம் என்று 2015இல் வந்த இன்னோர் ஆய்வில் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

கூந்தன்குளம் போக முடியாதவர்கள் செப்டம்பர் கடைசியிலிருந்து வீட்டு முருங்கையடியில் காதை வைத்துக்கொள்ளலாம். 'டக், டக்' என்று நாக்கைச் சொடுக்குவது போன்ற ஒற்றைக் குரல் வேலிக்குள்ளிருந்து கேட்கும். பார்த்தால் ஒன்றுமில்லாத ஒரு பழுப்புக் குருவி. பெயர் பிளித் நாணல் கதிர்க்குருவி, எடை பத்துப் பன்னிரண்டு கிராம். ரஷ்யக் காடுகளின் ஓரத்திலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டிவிட்டு, இரவுக் காற்றில் பறந்து நம் ஊருக்கு வந்திருக்கிறது. ஏப்ரல் வரை அந்த வேலியை விட்டு நகராது. அதன் பிறகு ஒரு காலையில் அந்தக் குரல் இருக்காது, முந்தின இரவு கிளம்பியிருக்கும்.